மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த பிறகு: இராமநாதபுரம் கடற்கரைப் பெண்களுக்கான மாத்திரை, மறுபரிசோதனை வழிகாட்டி

அறுவை சிகிச்சையும் கீமோவும் கரண்ட் வைப்பதும் (கதிர்வீச்சு) முடிந்து ஒரு பெண் ஊர் திரும்பும்போது, மண்டபமானாலும் கீழக்கரையானாலும் தொண்டியானாலும், வீட்டிலும் தெருவிலும் கேட்கும் முதல் பேச்சு "எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது" என்பதாகவே இருக்கிறது. அந்த மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குச் சிகிச்சையின் மிக நீண்ட பகுதி அப்போதுதான் தொடங்குகிறது: தினமும் ஒரு மாத்திரை, குறைந்தது ஐந்து ஆண்டுகள், சிலருக்குப் பத்து ஆண்டுகள் வரை.

சிகிச்சை முடிந்த பெண்களுக்குத் துணையாக மருத்துவமனைக்குச் சென்று வருபவள் என்ற முறையில் நான் கண்டது ஒன்று உண்டு. மாத்திரையைப் பாதியில் விட்டவர்களில் மறதியால் விட்டவர்கள் மிகக் குறைவு. உடம்பு பற்றி எரிவதையும் மூட்டு பிடித்துக்கொள்வதையும் யாரிடமும் சொல்ல முடியாமல் விட்டவர்கள், கையில் காசு இல்லாத மாதத்தில் விட்டவர்கள், "சுகமான உடம்புக்கு எதற்கு மருந்து" என்று உறவினர் கேட்டதால் விட்டவர்கள்தான் அதிகம். சொல்லாமல் நிறுத்தாதீர்கள், தொந்தரவு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள் என்பதையே இந்த வழிகாட்டி முழுவதும் வலியுறுத்துகிறேன். ஏனென்றால் அந்தத் தொந்தரவுகளில் பெரும்பாலானவற்றுக்கு மருத்துவரிடம் வழி இருக்கிறது.

1. முதலில் காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்

ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது. திசுப் பரிசோதனை அறிக்கை, அதோடு வந்த ஈ.ஆர்., பி.ஆர். (புற்றுநோய் செல்லில் பெண் ஹார்மோன் ஒட்டிக்கொள்ளும் இடங்கள்), ஹெர்-2 (செல்லை வேகமாக வளரத் தூண்டும் ஒரு புரதம்) முடிவுகள், அறுவை சிகிச்சைக் குறிப்பு, எந்தக் கீமோ மருந்து எத்தனை முறை ஏறியது என்ற சீட்டு, கதிர்வீச்சுக் குறிப்பு, எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கை, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) படங்கள் ஆகிய அனைத்தையும் தேதி வரிசைப்படி ஒரே கோப்பில் வையுங்கள். உப்புக்காற்றும் ஈரமும் காகிதத்தைச் சீக்கிரம் அரித்துவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் இட்டு, வீட்டில் இருவருடைய கைப்பேசியிலாவது படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சென்னையில் சிகிச்சை பெற்றவர் மதுரையில் தொடரும்போதும், நள்ளிரவில் இராமநாதபுரம் அவசரப் பிரிவுக்குப் போகும்போதும், புதிய மருத்துவர் முதலில் கேட்பது இந்தக் கோப்பைத்தான்.

2. உங்களுடைய மருந்து எது, ஏன் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஈ.ஆர். அல்லது பி.ஆர். பாசிட்டிவ் என்றால், அந்தப் புற்றுநோய் செல்கள் பெண் ஹார்மோனை உணவாகக் கொண்டு வளரக்கூடியவை என்று பொருள். டமாக்சிஃபென் (வழக்கமாக தினமும் 20 மி.கி.) அந்த ஹார்மோன் செல்லில் சென்று ஒட்டிக்கொள்ளும் இடத்தை அடைத்துவிடுகிறது. மாதவிடாய் நிற்காதவர்களுக்கும் நின்றவர்களுக்கும் இதைத் தரலாம். லெட்ரோசோல் (2.5 மி.கி.), அனாஸ்ட்ரோசோல் (1 மி.கி.), எக்ஸிமெஸ்டேன் (25 மி.கி.) ஆகியவை உடலில் அந்த ஹார்மோன் உற்பத்தியாவதையே குறைப்பவை; மாதவிடாய் முழுமையாக நின்றவர்களுக்கு உரியவை. சூலகத்தின் வேலையை ஊசியால் நிறுத்திவைத்தும் இவற்றை இளம்வயதினருக்குக் கொடுப்பார்கள். கீமோவால் மாதவிடாய் நின்ற நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு அது மறுபடி வரக்கூடும். லெட்ரோசோல் எடுக்கும்போது அப்படி வந்தால் அன்றே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

டமாக்சிஃபெனை ஐந்து ஆண்டுகள் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான முடிவு. ஹார்மோன் சார்ந்த நோய் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும், பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்தும்கூடத் திரும்பக்கூடியது. ஆகவே கட்டியை எடுத்தாகிவிட்டதே என்ற எண்ணம் மாத்திரையை நிறுத்தப் போதுமான காரணமாகாது.

ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுஸுமாப் ஊசி பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஓராண்டு வரை தொடரும். இதயத்தைக் கவனிக்க ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்கோ எடுப்பார்கள். மூன்றும் நெகட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரை இல்லை, மறுபரிசோதனை மட்டும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரை எடுக்கிறார், எனக்கு ஏன் தரவில்லை என்று கலங்குபவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

3. மாத்திரையை அன்றாட வாழ்க்கையோடு இணையுங்கள்

நேரம் எதுவானாலும் சரி, தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். விடியுமுன் கரைக்குப் போகிறவர்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகான நேரமே தோதானது. எக்ஸிமெஸ்டேனை மட்டும் உணவுக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். ஒரு நாள் மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம். சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியின் தாளை மாத்திரை போட்ட பிறகுதான் கிழிப்பது என்று ஒரு வீட்டில் வழக்கம் வைத்திருக்கிறார்கள். தாள் கிழியாமல் இருந்தால் பேத்தி கேட்டுவிடுகிறாள்.

கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம் பகுதிகளில் நோன்பு வைக்கும் பெண்கள் ரமலானில் மாத்திரையை விட்டுவிடத் தேவையில்லை. நாளைக்கு ஒரு முறை எடுக்கும் மருந்து என்பதால், நோன்பு வைக்க உடல்நிலை இடம் கொடுக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, நோன்பு திறந்து உணவருந்திய பிறகு அதை எடுக்கலாம். மாதம் முழுவதும் அந்த நேரத்தையே வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துப் புட்டியில் கொட்டி வைக்காதீர்கள். அடுப்படி, தகரக் கூரைக்கு நேர்க்கீழே உள்ள பரண், ஈரக்காற்று வரும் சன்னலோரம் ஆகிய இடங்களைத் தவிர்த்து, வீட்டிலேயே குளுமையான, உலர்ந்த மூலையில் வையுங்கள்.

கையிருப்பைப் பற்றி இந்தக் கரையில் தனியாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுத் தொழிலை நம்பிய வீடுகளில் பணம் வற்றும் காலம் அது. வீட்டில் செலவைக் குறைக்க வேண்டும் என்றால் பெண்கள் முதலில் குறைப்பது தங்கள் மருந்தைத்தான். பங்குனி முடிவதற்குள் இரண்டு, மூன்று மாத மாத்திரையை வாங்கி வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் புயல் எச்சரிக்கையிலும் பேருந்து நின்றுபோகும் நாள்களுக்காக, எப்போதும் குறைந்தது 15 நாள் மாத்திரை மிச்சமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது பாதுகாப்பு.

4. தொந்தரவுகளைச் சொல்லுங்கள்

நிற்கிற இடத்திலேயே நெஞ்சிலிருந்து முகம் வரை அனல் ஏறி, வியர்த்துக் கொட்டி, சற்று நேரத்தில் குளிர்ந்துபோவது இந்த மாத்திரைகளின் பொதுவான விளைவு. வெயில் காயும் ஊரில் இதை உடல்சூடு என்று எடுத்துக்கொண்டு, மாத்திரைதான் சூடு என்று நிறுத்திவிடுகிறார்கள். பருத்தி உடை, இரவில் காற்றோட்டமான இடத்தில் படுக்கை, மாலைக்குப் பிறகு காபியையும் காரத்தையும் குறைப்பது ஆகியவை ஓரளவு உதவும். அப்படியும் தூக்கம் கெட்டால் மருத்துவர் அதற்கென்றே மருந்து தர முடியும்.

லெட்ரோசோல் வகை மாத்திரையால் காலையில் விரல்களை மடக்க முடியாமலும், முழங்கால் பிடித்துக்கொண்டும் வருகிற வலி வாய்வுப் பிடிப்பு என்றே பலராலும் நினைக்கப்படுகிறது. இதற்கு நல்ல பலன் தருவது நடைதான். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் சற்று வேகமான நடையும், வாரம் இரு முறை தசைகளுக்கான பயிற்சியும் செய்தவர்களுக்கு வலி குறைவது ஆய்வில் காணப்பட்டிருக்கிறது. அதற்கும் அடங்காவிட்டால், மருத்துவர் அதே வகையில் வேறு மாத்திரைக்கோ டமாக்சிஃபெனுக்கோ மாற்றித் தருவார். மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை வாரக்கணக்கில் போடுவது சிறுநீரகத்துக்குக் கேடு.

லெட்ரோசோல் வகை மாத்திரை எலும்பின் உறுதியையும் குறைக்கும். தொடக்கத்தில் ஒரு முறையும், பிறகு பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் டெக்ஸா எனப்படும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவை. சுண்ணாம்புச் சத்துக்கு முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் சாளையும் கேழ்வரகும் பாலும் கைக்கெட்டும் உணவுகள். பத்தியம் என்ற பெயரில் மீனை நிறுத்திவைப்பது இங்கே நான் மிகவும் வருந்தும் பழக்கங்களில் ஒன்று. கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். வெயில் ஊர் என்பதால் வைட்டமின் டி குறையாது என்று நம்பிவிட முடியாது; உடலை மூடிய உடையில், வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்குக் குறைவு சாதாரணமாகக் காணப்படுகிறது. எலும்புக்காக ஜோலெட்ரோனிக் அமில ஊசி போடுவதாக இருந்தால், பல் பிடுங்கும் வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பிறப்புறுப்பு வறட்சியும் உறவின்போது வலியும் பெண்கள் வாய்திறக்காத தொந்தரவுகள். ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் செவிலியரிடம் சொல்லுங்கள், அல்லது ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஹார்மோன் கலக்காத, தண்ணீர் சார்ந்த களிம்புகள் இருக்கின்றன. ஹார்மோன் கலந்த களிம்பைப் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. டமாக்சிஃபென் எடுப்பவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வந்தாலோ அது ரத்தக்கட்டாக இருக்கலாம்; உடனே 108-ஐ அழையுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும், மகப்பேறு மருத்துவரிடம் காட்டிக் கருப்பையைச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பை இந்த மருந்து சற்றுக் கூட்டுகிறது. பார்வை மங்கினால் கண் மருத்துவரைப் பாருங்கள். வேறு ஏதேனும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தால், டமாக்சிஃபென் எடுப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

5. வேறு மருந்துகளோடு சேரும்போது

மனச்சோர்வுக்குத் தரும் பரோக்சிடின், ஃப்ளூவோக்சிடின் ஆகியவை டமாக்சிஃபென் உடலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கின்றன. வேறு மருந்துகள் இருப்பதால், மனநல மருத்துவரிடம் டமாக்சிஃபென் எடுப்பதைச் சொன்னாலே போதும். நாட்டு மருந்துக் கடையில் பெண்களுக்கென்று விற்கும் லேகியம், சூரணம் எதையும் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரியாமல் தொடங்காதீர்கள். குழம்பில் போடும் மஞ்சளால் தீங்கில்லை. மஞ்சள் சத்தைச் செறிவூட்டிய காப்ஸ்யூல் மட்டும் டமாக்சிஃபெனின் அளவைக் குறைக்கக்கூடும்.

இந்த மருந்துகள் கருவைப் பாதிக்கும் என்பதால், மாதவிடாய் நிற்காதவர்கள் காப்பர்-டி, ஆணுறை போன்ற ஹார்மோன் இல்லாத கருத்தடையைப் பயன்படுத்த வேண்டும். குழந்தை வேண்டும் என்று விரும்பும் இளம்பெண்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். 18 முதல் 30 மாதம் வரை மாத்திரை எடுத்துவிட்டு, மேற்பார்வையோடு இடைவெளி விட்டுப் பிள்ளை பெற்று மறுபடி தொடர்ந்தவர்களுக்கு, குறுகிய காலத்தில் நோய் திரும்புவது கூடவில்லை என்று 2023-இல் ஆய்வு வெளியாகியிருக்கிறது.

6. கையும் கடலும்

அக்குளில் நெறிகட்டிகளை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கக் கையில் நிணநீர் தேங்கி வீக்கம் வரலாம். சிகிச்சை முடிந்த சில மாதத்திலும் வரலாம், பல ஆண்டு கழித்தும் வரலாம். வளையல் இறுகுவது, கை கனப்பது, ரவிக்கைக் கை பிடிப்பது ஆகியவை தொடக்க அடையாளங்கள். அப்போதே இயன்முறை மருத்துவரிடம் போனால் கட்டுக்குள் வைக்க முடியும்.

பாம்பன், சின்னப்பாலம் பக்கத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களின் கைகளை அருகில் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதி ஏன் நீள்கிறது என்று புரியும். விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கீற்றைச் சுற்றிக்கொண்டு, கழுத்தளவு நீரிலும் மூழ்கியும் பாறையிடுக்கில் கைவிட்டுப் பறிக்கிறார்கள். துணியையும் மீறி விரல்நுனியில் பாறை கிழித்த சிறு கோடுகள் எப்போதும் இருக்கும். நெறிகட்டி எடுத்த கையில் அந்தச் சிறு கோடு வழியே கிருமி புகுந்தால், மற்றவர்களுக்குத் தானாக ஆறும் காயம் ஒரே இரவில் முழங்கை வரை சிவந்து, சூடேறி, குளிர்காய்ச்சலாக மாறிவிடக்கூடும். இந்நிலையில் மஞ்சள் பற்றுப் போட்டுப் பொறுத்திருக்க நேரமில்லை; அன்றே மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும்.

ஆகவே கடலுக்குத் திரும்புவதற்கு முன் தழும்பு முழுமையாக ஆறியிருக்கிறதா, கதிர்வீச்சு பட்ட தோல் தேறியிருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். துணிக்கீற்றுக்குப் பதிலாகத் தடித்த ரப்பர் கையுறை அணியுங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கையைக் கழுவி, கீறல் இருந்தால் கிருமிநாசினி தடவுங்கள். பாக்லிடாக்சல் போன்ற கீமோ மருந்து பெற்றவர்களுக்கு விரல்களிலும் பாதத்திலும் மரத்துப்போன உணர்வு நீண்ட நாள் இருக்கலாம். சிப்பி கிழித்ததும் சுடுமணல் பட்டதும் தெரியாது என்பதால், செருப்பில்லாமல் இறங்காதீர்கள், வீடு வந்ததும் பாதத்தைக் கண்ணால் பாருங்கள்.

பாரம் தூக்கவே கூடாது என்று பல வீடுகளில் தடுத்துவிடுகிறார்கள். சிறிய எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவது வீக்கத்தை அதிகமாக்குவதில்லை என்பது 2009-இலேயே ஆய்வில் தெரியவந்தது. ஈரப்பாசி மூட்டையையோ மீன் கூடையையோ முதல் நாளே முழுக் கனத்தில் இழுப்பதுதான் ஆபத்து. ஊசியும் ரத்தப் பரிசோதனையும் கூடியவரை மறு கையில் இருக்கட்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள்.

7. மறுபரிசோதனை நாள்கள்

முதல் மூன்று ஆண்டுகளில் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறையும், நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையும் மருத்துவர் நேரில் பார்த்துச் சோதிப்பது பொதுவான முறை. மேமோகிராம் ஆண்டுக்கு ஒரு முறை. மார்பகத்தைக் காப்பாற்றிக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு முதல் படம், கதிர்வீச்சு முடிந்து குறைந்தது ஆறு மாதம் கழித்து எடுக்கப்படும். பழைய படங்களையும் எடுத்துச் செல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும்.

தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு வருடம்தோறும் பெட் ஸ்கேன், சி.டி., ரத்தத்தில் கேன்சர் மார்க்கர் பார்ப்பது ஆயுளைக் கூட்டுவதில்லை. பயமும் செலவும்தான் கூடும். நகையை அடகு வைத்து முழு உடல் ஸ்கேன் எடுக்கிறவர்களைப் பார்க்கும்போது, அந்தப் பணம் ஐந்தாண்டு மாத்திரைக்கு உதவுமே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

அடுத்த தேதி வரை காத்திராமல் போக வேண்டிய அறிகுறிகள்: தழும்பிலோ அக்குளிலோ கழுத்திலோ புதுக் கட்டி, மறு மார்பகத்தில் மாற்றம், ஓய்வெடுத்தும் வாரக்கணக்கில் தீராத எலும்பு வலி, விடாத இருமல், மூச்சுத்திணறல், காரணமில்லாத எடைக்குறைவு, மஞ்சள்காமாலை, நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வலிப்பு. சகோதரிகளும் மகள்களும் தங்களுக்கு எந்த வயதில் பரிசோதனை தொடங்க வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடமே கேட்கலாம்.

8. பயணமும் பணமும்

இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 முதல் இயங்குகிறது. ரத்தப் பரிசோதனை, அவசரக் கவனிப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு அங்கே போகலாம். புற்றுநோய் மருத்துவருக்காக மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கும் சென்னைக்கும் போகிறவர்கள் பலர். புற்றுநோயாளியும் துணைக்கு வரும் ஒருவரும் சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ செல்லும்போது ரயில் கட்டணத்தில் பெரும் சலுகை உண்டு. இரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு, ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்கு முழுச் சலுகை. மருத்துவமனையில் மருத்துவர் கையொப்பமிட்ட படிவத்தை வாங்கி, நிலைய முன்பதிவு அலுவலகத்தில் கொடுத்துச் சீட்டெடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு இராமேசுவரத்திலிருந்தே ரயில் ஏற முடிகிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. எந்தச் சிகிச்சை அதில் வரும் என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு அலுவலரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வெளியில் மாத்திரை வாங்குபவர்கள், மருந்தின் மூலப்பெயரைச் சொல்லி மக்கள் மருந்தகத்திலும் 2025-இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் விசாரித்துப் பாருங்கள்; நிறுவனப் பெயரில் விற்பதைவிட விலை குறைவாகக் கிடைக்கும்.

ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தைய வாரம் தூக்கம் போய்விடுவது பலருக்கும் நேர்வது. அழுகையும் வெறுமையும் வாரக்கணக்கில் நீடித்தால் 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

9. ஐந்தாம் ஆண்டு நெருங்கும்போது

மாத்திரை அட்டை தீர்ந்த நாளோடு நீங்களாக நிறுத்திவிடாமல், அதற்குச் சில மாதம் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். நெறிகட்டியில் நோய் பரவியிருந்ததா, கட்டியின் அளவு என்ன, எலும்பு எப்படி இருக்கிறது, இதுவரை மருந்தைத் தாங்கிய விதம் என்ன என்பவற்றைப் பார்த்து, நிறுத்துவதா, வேறு வகைக்கு மாற்றுவதா, பத்து ஆண்டு வரை நீட்டிப்பதா என்று முடிவெடுப்பார்கள். இடையில் விட்டுப்போன மாதங்கள் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முடிவு அதைப் பொறுத்தும் மாறும். மாத்திரை நின்ற பிறகும் ஆண்டுக்கொரு முறை மருத்துவரைப் பார்ப்பதும் மேமோகிராம் எடுப்பதும் தொடரும் என்பதால், கோப்பை அப்படியே வைத்திருங்கள்.